வெனிலா இனிக்காது: வீட்டு ஸ்டவுட், இரண்டாம் முறை

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நான் வீட்டில் காய்ச்சிய ஸ்டவுட்டில், அதாவது வறுத்த தானியத்தில் செய்கிற கருப்பு பீரில், 150 மில்லியைக் கெக்கிலிருந்து (அழுத்தத்தில் அடைத்து வைக்கிற எஃகுப் பீப்பாய்) பிடித்து மேசையில் வைத்தேன். அடுத்த நாற்பது நிமிடம் அதைத் தொடவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து வந்தபோது 4 டிகிரி. சமையல் தெர்மாமீட்டர் 13 காட்டியதும் கோப்பையை எடுத்து மோந்து பார்த்தேன். முதலில் வறுத்த தேங்காய், அதன் பின்னால் கோகோ, கடைசியில் மெலிசாக வெனிலா. வாயில் வைத்தால் நாக்கு முழுக்கப் பரவுகிற கனம். விழுங்கியதும் காபிக் கசப்பு ஒன்று எழும்பி, தித்திப்பைத் துடைத்துக்கொண்டு போகிறது. ஏழு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தொண்டைய எரிக்கலைங்க. போன தடவை செஞ்சது மருந்து. இது பண்டம்" என்றாள். அன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். போன தடவை எங்கே தப்பு நடந்தது என்பதை மறப்பதற்குள் எழுதினால்தான் வேறு யாருக்காவது பயன்படும்.

நாங்கள் இருப்பது சிகாகோ பக்கம். இங்கே வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வீட்டில் மது தயாரிப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பாட்டில். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், இண்டியானா மாநிலத்து மன்ஸ்டரில், த்ரீ ஃப்ளாய்ட்ஸ் என்று ஒரு பீர் ஆலை இருக்கிறது. டார்க் லார்ட் என்ற ஸ்டவுட்டுக்காக வருடத்தில் ஒரு நாள் திருவிழாவே நடத்துகிறார்கள். நண்பர் ஒருவர் அதில் ஒரு பாட்டிலைப் பத்திரமாக வைத்திருந்து, மெழுகு முத்திரையை உடைத்து எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். காபி, மெக்சிகோ வெனிலா, இந்தியச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சியது என்று சொன்னார். இந்தியச் சர்க்கரை என்று காதில் விழுந்ததுமே என் மனசு வெல்லத்துக்குப் போய்விட்டது. எள்ளுருண்டைப் பாகும் கருப்புக் காபியும் கலந்த மாதிரி ஒரு ருசி, எண்ணெய் போல வழிகிற அடர்த்தி. இதை நாமே செய்யலாமே என்று தோன்றியது. அதற்கு முன்பு நான் காய்ச்சியது எல்லாம் ஐந்து, ஆறு சதவீத பீர்கள்தான்.

முதல் முறை போன அக்டோபரில். அளவு 19 லிட்டர், அதாவது ஐந்து கேலன். இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவில் ஒரு கடையிலிருந்து ஒரு கிலோ வெல்லம் வாங்கி, 900 கிராமைக் கொதியில் கரைத்தேன். மேஷ், அதாவது இடித்த மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வெந்நீரில் ஊறவைக்கிற கட்டம், 65 டிகிரியில். ஆரம்ப அடர்த்தி, அதாவது தண்ணீரை 1.000 என்று வைத்தால் சர்க்கரை கரைந்த சாறு எவ்வளவு கனம் என்ற எண், 1.110 வந்தது. அதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

இனிப்புப் பண்டத்து ருசி வேண்டும், அதனால் வெல்லம் போடுவோம். இதுதான் என் முதல் தப்பு. வெல்லம் போட்டால் இனிக்கும் என்பது பாயசத்துக்குச் சரி. பீரில் ஈஸ்ட் முதலில் தின்பதே அந்தச் சர்க்கரையைத்தான். சுக்ரோஸ் முழுக்க ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாறிவிடும், இனிப்பில் ஒரு துளி மிஞ்சாது. பீரின் உடம்பும், அதாவது வாயில் தெரிகிற கனமும், மெலிந்துபோகும். வெல்லத்தின் மணம் மட்டும் ஓரத்தில் லேசாக நிற்கும். 65 டிகிரி மேஷும் அதே திசையில்தான் இழுத்தது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் எளிதாகத் தின்கிற சர்க்கரைதான் அதிகம் கிடைக்கும்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அந்தச் சமயம், பீரில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கிற என் ஹைட்ரோமீட்டர் உடைந்து கிடந்தது. ஒளியை வைத்துச் சர்க்கரையைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறதே, இரண்டு சொட்டு போதுமே என்று புதிதாக வாங்காமல் விட்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டு சொட்டு வைத்துக் கண்ணில் பிடித்துப் பார்த்தால் 13.6 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு). அட்டவணையில் அது 1.055. நான்கு நாள் கழித்துப் பார்த்தாலும் அதே எண். 1.110இல் கிளம்பியது பாதி வழியில் நின்றுவிட்டது என்று பயந்துபோனேன். வாளியை ஹீட்டர் பக்கம் நகர்த்தினேன். ஷாம்பெயினுக்குப் போடுகிற ஈசி-1118 ஈஸ்ட் ஒரு பாக்கெட் போட்டேன். அதற்கும் எண் அசையவில்லை என்றதும் குளுக்கோஅமைலேஸ் என்சைம் கொஞ்சம் தூவினேன். ஈஸ்ட்டால் கடிக்க முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை எல்லாம் வெட்டி அதன் வாயில் ஊட்டிவிடுகிற சாமான் அது.

உண்மையில் பீர் நிற்கவே இல்லை. ரிஃப்ராக்டோமீட்டர் வேலை செய்வது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து. ஆல்கஹால் கலந்துவிட்டால் அந்த வளைவே மாறிப்போகும், அட்டவணை எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆரம்ப எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த 13.6 பிரிக்ஸுக்கு நிஜ அடர்த்தி 1.026. அதாவது நொதித்தல் ஒழுங்காக முடிந்து, என் பீர் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதைப் போய் நான் எழுப்பிவிட்டேன். நண்பர் தன்னுடைய ஹைட்ரோமீட்டரைக் கொண்டுவந்து மிதக்கவிட்ட அன்று 1.010 காட்டியது. ஆல்கஹால் 13 சதவீதம்.

அப்போதும் மனம் விடவில்லை. உடம்பு இல்லாவிட்டால் என்ன, மணம் சேர்ப்போம் என்று ஆறு வெனிலாக் காய்களைக் கீறிப் போட்டேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊற்றிக் குடித்தபோது மூக்குக்கு ஐஸ்கிரீம் கடை, வாய்க்கு மரப்பட்டைக் கஷாயம். மூக்கு ஒன்று சொல்கிறது, நாக்கு வேறொன்று சொல்கிறது. அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்தப் பதிவின் தலைப்பாக வைத்திருக்கிறேன். வெனிலா இனிக்காது. கோகோவும் இனிக்காது, கசக்கும். வறுத்த தேங்காயில் இருக்கும் கொஞ்ச இனிப்பும் 19 லிட்டரில் காணாமல் போகும். இனிப்புப் பண்டத்தை நினைவுபடுத்துகிற மணம் இவை, அவ்வளவுதான். அந்த மணத்துக்கு அடியில் நிஜமான தித்திப்பும் கனமும் பீரிலேயே முதலிலிருந்து இருக்க வேண்டும். வெறும் பாலில் ஏலக்காய் போட்டால் பாயசம் ஆகாது.

முதல் பீர் இன்னும் ஒரு கெக்கில் இருக்கிறது. நான்கு மாதத்தில் அதன் எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது, உடம்பு மட்டும் வரவில்லை. வராது.

இரண்டாம் முறை ஜனவரி இரண்டாவது வாரம். இந்த முறை முதல் செலவே ஹைட்ரோமீட்டர்தான். எட்டு டாலருக்கு ஒன்று வாங்கி, உடைந்தால் மாற்றுவதற்கு இன்னொன்றும் வாங்கினேன்.

தானியக் கணக்கு இது: மாரிஸ் ஓட்டர் மால்ட் 6.8 கிலோ, மியூனிக் மால்ட் 700 கிராம், ஓட்ஸ் அவல் 700 கிராம், அடர்நிற கிரிஸ்டல் மால்ட், சாக்லேட் மால்ட், வறுத்த பார்லி மூன்றும் தலா 450 கிராம். மொத்தம் 9.55 கிலோ. சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் ஏதும் கிடையாது, நிறத்தையும் மணத்தையும் வைத்து வந்த பெயர். ஒரு சிட்டிகை எடுத்து மென்றால் கருகும் தறுவாயில் இறக்கிய காபிக்கொட்டை மாதிரி இருக்கும். 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை வறுக்கிற உருளைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் இந்த மாதிரி கருமால்ட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன்பே லண்டனின் சதக் (Southwark) பகுதியிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த ஸ்டவுட்டுகளும் உண்டு. இம்பீரியல் என்ற அடைமொழி அங்கிருந்து வந்ததுதான்.

ஓட்ஸ் சேர்ந்த மேஷ் களி மாதிரி இறுகிவிடும், வடியாது. அதற்கு இங்கே போடுவது நெல் உமி. ஆமாம், நம்ம ஊர் அரிசி ஆலை வாசலில் குவிந்து கிடக்குமே, அதே உமிதான். கழுவிப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். 225 கிராம் கலந்தேன். முதல் முறை இது இல்லாமல் வடிப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த முறை நாற்பது நிமிடம்.

மேஷ் பாத்திரம் 38 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்று, அடியில் குழாய் வைத்தது. 25 லிட்டர் வெந்நீர். இந்த முறை 68.5 டிகிரி. இந்த மூன்றரை டிகிரி வித்தியாசம்தான் முழுப் பீரையும் மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. சூடு ஏற ஏற, ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகமாக மிஞ்சும். வாயில் கனமாக நிற்பது அதுதான். கருந்தானியங்களைத் தனியாக இடித்து வைத்திருந்து கடைசி இருபது நிமிடத்தில்தான் மேலே தூவிக் கிளறினேன். நிறமும் வறுவல் மணமும் இறங்கின, தொண்டையைப் பிடிக்கிற துவர்ப்பு இறங்கவில்லை.

மேலே 12 லிட்டர் வெந்நீர் ஊற்றி வடித்ததில் 27 லிட்டர் வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு, கிடைத்தது. இவ்வளவு தானியத்தை இவ்வளவு குறைந்த நீரில் கழுவினால் சர்க்கரை முழுக்க வராது. என் கணக்குக்கு அறுபது சதவீதம்தான் வந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, வெல்லத்துக்குப் பதிலாக ஒரு கிலோ உலர் மால்ட் பொடி. விலை கூடத்தான், ஆனால் ஈஸ்ட் அதை முழுக்கத் தின்றுவிடாது. வீட்டுக்கு வெளியே கேஸ் அடுப்பில் இரண்டு மணி நேரம் கொதித்து 20 லிட்டராகச் சுண்டியது. கடைசி ஒரு மணி நேரத்துக்கு கசப்புக்காக 55 கிராம் மேக்னம் வகை ஹாப்ஸ் பூ. மைனஸ் ஆறு டிகிரிக் குளிரில் நின்றுகொண்டு கிளறியதில் கை மரத்துவிட்டது. ஆனால் அந்த வாசனை! தெருவே மால்ட் பாகு வாசனையில் மிதந்தது. இதற்காகவே குளிர்காலத்தில் காய்ச்சலாம்.

ஆறவைத்து அளந்தால் 1.112.

இவ்வளவு சர்க்கரைக்குள் ஈஸ்ட்டைத் தள்ளினால் அது திணறும். யுஎஸ்-05 மூன்று பாக்கெட், ஒவ்வொன்றும் 11.5 கிராம். நண்பரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் கடன் வாங்கி ஒன்றரை நிமிடம் குமிழியடிக்கவிட்டேன். நிலவறை 15 டிகிரிதான் இருக்கும் என்பதால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மீன்தொட்டி ஹீட்டர் போட்டு 18இல் நிறுத்தினேன். போன தடவை வாயுவை வெளியே விடுகிற சின்ன ஏர்லாக் நுரையில் அடைபட்டு, மூடி பிய்த்துக்கொண்டு போய், நிலவறைக் கூரையெல்லாம் கருப்புப் புள்ளி. இந்த முறை விரற்கடை அகலக் குழாயை மூடியிலிருந்து நேராக ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் விட்டேன். பதினான்கு மணி நேரத்தில் கொதிக்கிற உலை மாதிரி சத்தம். இரண்டு லிட்டர் நுரை அந்தப் பாத்திரத்தில் வந்து விழுந்தது, தரை சுத்தமாக இருந்தது.

நான்காம் நாளிலிருந்து சூட்டை 20க்கு ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து இரண்டு கருவியிலும் பார்த்தேன், ஒப்பிட்டுப் பார்க்கத்தான். ரிஃப்ராக்டோமீட்டரில் 14.3 பிரிக்ஸ், அட்டவணைப்படி 1.058. ஹைட்ரோமீட்டரில் 1.034. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன். மூன்று நாள் கழித்தும் 1.034. முடிந்தது. ஆல்கஹால் 10.2 சதவீதம். அளந்த குழாயில் இருந்ததைக் குடித்தபோது, எதையும் சேர்க்காமலே, காய்ச்சின பனம்பாகின் சாயல் ஒன்று இருந்தது. பனையும் வெல்லமும் இல்லாமல் மால்ட்டிலிருந்தே வந்த தித்திப்பு. அடித்தளம் சரியாக அமைந்துவிட்டது என்ற நிம்மதி அப்போதுதான்.

அப்புறம் ஆறு வாரம் அதைத் தொடவில்லை. வேறு வாளிக்கு மாற்றி, மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் நடுவில் சேர்மானம். இங்கே என்னென்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த வகைப் பீரில் பலரும் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, ஒரே நாளில் போட்டு, ஒரே நாளில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் இறங்குகிற வேகம் வேறு. நான் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, தினமும் 30 மில்லி எடுத்து, சூடு 13க்கு வந்த பிறகு குடித்து, நோட்டில் எழுதினேன்.

முதலில் கோகோ நிப்ஸ் 170 கிராம். உடைத்த கோகோக் கொட்டைதான், சர்க்கரை கிடையாது. வாணலியில் இரண்டு நிமிடம் லேசாகச் சூடு காட்டி, முங்குகிற அளவு போர்பன் விஸ்கியில் இரண்டு நாள் ஊறவைத்து, மெல்லிய வலைப்பையில் கட்டி இறக்கினேன். இரண்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கோகோத்தூள் டப்பாவைத் திறந்த வாசனை. நான்காம் நாள் நல்ல கருஞ்சாக்லேட். ஐந்தாம் நாள் காலையில் நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. அன்றைக்கே பையை எடுத்துவிட்டேன்.

அடுத்தது தேங்காய். இனிப்பு சேர்க்காத தேங்காய்ச் சீவல் 400 கிராம். புத்தகங்களில் இருக்கிற மாதிரி அவனில் 160 டிகிரியில் தட்டில் பரப்பி வைத்தேன். பத்து நிமிடத்தில் ஓரம் கருகி, நடு வெள்ளையாகவே இருந்தது. அந்த 100 கிராம் வீண். என் மனைவிக்கு ஊர் நாகர்கோவில். தீயல் என்கிற வறுத்தரைத்த குழம்புக்குத் தேங்காய் வறுத்தே வளர்ந்த கை. "அந்தப் பெட்டிய அணைச்சிட்டு இரும்புச் சட்டிய எடுங்க" என்றாள். சிறுதீ. கை நிற்காமல் கிளறினேன். ஆறாம் நிமிடம் வரை ஈரம் போகிற சத்தம் மட்டும். அப்புறம் சத்தம் அடங்கி, சீவல் ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு வந்தது. நிறம் பசுநெய்யிலிருந்து சந்தனத்துக்கு மாறியது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். சந்தனம் மாறி இளந்தேன் நிறம் வந்ததும், "இறக்குங்க, இறக்குங்க. தீயல் பதத்துக்குப் போயிடாதீங்க. சட்டிச் சூட்டுலயே மீதி வறுபடும்" என்றாள். இறக்கித் தட்டில் கொட்டிய பிறகும் ஒரு நிறம் கூடியது. அவள் சொன்ன அதே நிறம்.

தேங்காயில் இருக்கிற எண்ணெய் பீரின் நுரைக்கு எமன். ஆறியதும் காகிதத் துண்டுகளுக்கு நடுவில் பரப்பி, மேலே சப்பாத்திக் கட்டையை உருட்டினேன். காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூன்று முறை காகிதம் மாற்றிய பிறகு நான்காவதில் லேசான கறை மட்டும். அதன் பிறகுதான் பையில் கட்டி இறக்கினேன். ஒரே நாளில் மணம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை எடுத்தேன். பை ஊறிக் கனத்து, பிழிந்தும் ஒரு லிட்டர் பீரைக் குடித்துவிட்டிருந்தது. இறுக்கிப் பிழியக் கூடாது, எண்ணெயும் கூடவே வரும்.

கடைசியில் வெனிலா. காய்கள் மூன்று, நெடுக்கில் கீறி, உள்ளே இருக்கும் விதைகளைக் கத்திமுனையால் வழித்து, தோலோடு 100 மில்லி போர்பனில் மூன்று வாரம் முன்பே போட்டு வைத்திருந்தேன். முதல் முறை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கொட்டவில்லை. நான்கு கோப்பையில் தலா 100 மில்லி பீர். மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சால் 0.1, 0.2, 0.3, 0.4 மில்லி விட்டேன். எது எது என்று கோப்பைக்கு அடியில் எழுதி, என் மனைவியை மாற்றி வைக்கச் சொல்லி, இரண்டு பேரும் பார்க்காமல் ருசித்தோம். 0.1 ஒன்றும் இல்லை. 0.4 வாசனை மெழுகுவர்த்தி. 0.3 முதல் வாய்க்கு நன்றாக இருந்தது, மூன்றாம் வாய்க்குத் திகட்டியது. இரண்டு பேரும் தனித்தனியாக எடுத்தது 0.2. 19 லிட்டருக்கு அது 38 மில்லி. தேங்காயும் கோகோவும் குடித்தது, அடியில் நின்ற வண்டல் எல்லாம் போக என்னிடம் மிஞ்சியது 16.5 லிட்டர், அதற்கு 33 மில்லி. வெனிலா வாரக்கணக்கில் மங்கும் என்பதால் 38ஐயே ஊற்றினேன்.

கெக்கில் 4 டிகிரியில் 8 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பத்து நாள். இந்த வகைக்குக் குமிழி குறைவாகத்தான் இருக்க வேண்டும், சோடா மாதிரி பொங்கினால் கனம் போய்விடும். முதல் கோப்பை வரவே இல்லை. வலையிலிருந்து தப்பிய தேங்காய்த் துணுக்குகள் உள்குழாயின் வாயை அடைத்திருந்தன. அழுத்தத்தை வெளியேற்றி, குழாயைக் கழற்றி, ஊதிச் சுத்தம் செய்து மாட்ட அரை மணி நேரம். குழாய் முனையை அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே இருக்கும்படி வெட்டி வைத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

இனி ருசி. 4 டிகிரியில் குடித்தால் இது ஆறிப்போன டிகாக்ஷன். கசப்பும் கறுப்பும் மட்டும். 8இல் கோகோ எழுகிறது. 10 தாண்டியதும் தேங்காய். 13, 14இல் எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது. 18க்கு மேல் ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்றதை மறைக்கிறது. ஆகவே நல்ல நேரம் என்பது ஒரு இருபது நிமிடம்தான். வாய் குறுகின, அடி அகன்ற கோப்பையில் ஊற்றிக் கையால் அணைத்துக்கொண்டால் அந்த இருபது நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டலாம். நிறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் கருப்பு, விளிம்பில் மட்டும் ஒரு செம்பழுப்புக் கோடு. நுரை அடர்பழுப்பு, ஒரு நிமிடத்தில் வளையமாகச் சுருங்கிவிடுகிறது. அவ்வளவு காகிதம் போட்டு ஒற்றியும் தேங்காய் எண்ணெய் தன் வேலையைக் காட்டிவிட்டது. கோப்பையைச் சுழற்றினால் பக்கத்தில் ஒட்டி மெதுவாக வழிகிறது. வயிற்றில் இறங்கிய பிறகு நெஞ்சில் இதமான சூடு. போன தடவை இருந்த எரிச்சல் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். வறுத்த பார்லி 450 கிராம் அதிகம். கடைசியில் வருகிற கசப்பு ஒரு நொடி நேரம் கூடுதலாக நிற்கிறது. அடுத்த முறை 300 போதும். 150 மில்லி தாண்டினால் நாக்கு களைத்துவிடுகிறது. இதை மூன்று பேர் பகிர்ந்து குடிக்கிற பீராகத்தான் நினைக்க வேண்டும்.

செலவு: தானியம் 48 டாலர், மால்ட் பொடி 16, ஹாப்ஸ் 6, ஈஸ்ட் 18, வெனிலா 9, கோகோ 7, தேங்காய் 6, கேஸ் 6. மொத்தம் 116. லிட்டருக்கு ஏழு டாலர். போர்பன் வீட்டில் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை. காய்ச்சிய நாளில் எட்டரை மணி நேரம், அதில் பாத்திரம் கழுவியது மட்டும் இரண்டு. முதல் முறையில் போனது 95 டாலர். அதை ஹைட்ரோமீட்டர் எட்டு டாலர்தான் என்பதற்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது: பார்லியைக் குறைப்பது, உள்குழாயை வெட்டுவது, தேங்காயை 300 கிராமாக்கி முழுவதையும் இரும்புச் சட்டியிலேயே வறுப்பது. வெல்லத்தையும் நான் கைவிடவில்லை. கொதியில் போடாமல், ஒரு சின்ன அளவைக் கருப்பட்டியாக, நொதித்தல் அடங்கும் சமயத்தில் சேர்த்தால் இனிப்பு போனாலும் அந்தப் புகை மணம் தங்குமா என்று பார்க்க ஆசை. அதற்கு 4 லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தத்தையும் பணயம் வைக்கப் போவதில்லை.

நேற்று கெக்கிலிருந்து ஆறு பாட்டில் பிடித்து மூடி, கழுத்தில் தேதி ஒட்டி, நிலவறை அலமாரியின் அடித்தட்டில் படுக்காமல் நிமிர்த்தி வைத்தேன். ஒன்றை ஜூலையில், ஒன்றைத் தீபாவளிக்கு என்று கணக்கு. அந்த 38 மில்லி வெனிலாவில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நோட்டில் அப்போது எழுத வேண்டும்.